ரோபோ ஏறிய 565 படிகள்

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. கடற்காற்றில் தூறல் மட்டும் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் மாடிக் கூடத்தில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர். நான் உட்கார்ந்தது கடைசி வரிசையில். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. மாறி உட்காரலாமென்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அப்படியே இருந்தேன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பக்கத்துக்காரர் செருப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது வேறு கவலையாக இருந்தது.

அது காமிக்ஸ் வாசகர்களின் சந்திப்பு. இரண்டு தனித்தனி விண்வெளித் தொடர்கள். ஒன்றில் ஒரு ரோபோ போலீஸ். இன்னொன்றில் சரக்குக் கப்பலில் கிரகம் கிரகமாகப் போகும் ஒரு குடும்பம். இந்த இரண்டு தொடர்களின் ஆட்களும் ஒரே கதையில் சந்திக்கிற புத்தகம் அந்த வருடம்தான் தமிழில் வந்திருந்தது. பழைய இதழ்களிலிருந்து எதையெல்லாம் அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அன்றைய போட்டி. புத்தகத்தை மொழிபெயர்த்தவன் நான். ஆங்கில ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை. பதிப்பாளரோடு பேச்செல்லாம் ஃபோனில்தான். அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. அன்று நான் வருவேன் என்று சொல்லவும் இல்லை.

மொழிபெயர்க்கும்போது ஒரு காரியம் செய்திருந்தேன். கதையில் சும்மா கிடப்பதாக எனக்குத் தோன்றிய எண்களை எடுத்துவிட்டு, என்னுடைய எண்களை வைத்தேன். பதினோரு இடம். சரக்குக் கப்பலுக்கு 508 என்று கொடுத்தேன். அது செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தின் எண். சிறையில் ஓர் அறைக்கு என் வீட்டுக் கதவு எண். ஓரிடத்தில் ரோபோ ஒரு கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப்போய், கூட வந்த கப்பல் குடும்பத்துப் பெண்ணிடம் படிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். அங்கே 565 என்று எழுதினேன். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில் படிகளை நானும் என் மனைவியும் ஒருமுறை எண்ணிக்கொண்டே ஏறினோம். நான் 565 என்றேன், அவள் 564 என்றாள். இன்னொரு தடவை ஏறிப் பார்த்துவிடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். அவள் போய் ஆறு வருடமாகிறது. இப்போது நான் எதை எண்ணினாலும் தப்பு என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

புத்தகம் வந்த நாளிலிருந்து வாசகர்கள் எழுதுவதையெல்லாம் பதிப்பாளரின் வலைப்பக்கத்தில் தினமும் இரண்டு வேளை படித்தேன். என்னுடையதைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினொன்றில் ஒன்றையாவது யாராவது கண்டுகொள்ள மாட்டார்களா என்றிருந்தது. அதற்காகத்தான் அந்த மழையில் கிளம்பினேன்.

போட்டியில் கடைசியாக எழுந்தவர் மாமல்லபுரத்திலேயே மொபைல் கடை வைத்திருப்பவர். ஆங்கிலப் புத்தகம் ஒரு கையிலும் தமிழ்ப் புத்தகம் ஒரு கையிலும் இருந்தன. கேன்டீன் சுவரின் சுவரொட்டி, கேப்டனின் கையுறை நிறம், ஒரு நாயின் கழுத்துப் பட்டை என்று இருபத்தாறு சொன்னார். அதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு பதிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்த, இத்த மட்டும் கேட்டுக்கிறேன். இங்கிலீசுல ரோபோ 312 படின்னு சொல்லுது. அந்த ரோபோ மொதமொதல்ல வந்த இதழு நம்பரு அது. அத்தக் கேட்டுத்தான் அந்தப் பொண்ணு சிரிக்குது. தமிழ்ல 565ன்னு கீது, அதுக்கும் அந்தப் பொண்ணு சிரிக்குது. இன்னாத்துக்கு சிரிக்குது? இதுமாரி பதினோரு எடம். எண்ணத் தெரியாத ஆள வச்சா மொழிபெயர்த்தீங்க?"

கூடம் சிரித்தது. மற்ற பத்தையும் அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நான் சும்மா கிடப்பதாக நினைத்த ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு பழைய இதழிலிருந்து வந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தனை கட்டம், ஒரு கட்டத்தில் எத்தனை சொல் என்று எண்ணித்தான் மொழிபெயர்த்தேன். அந்த எண் அங்கே எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை.

பதிப்பாளர் நெளிந்தார். மொழிபெயர்த்தவர் வயதானவர், கண் சரியாகத் தெரிவதில்லை போலிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்றார். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கையைத் தூக்கினேன்.

"565ன்றது திருக்கழுக்குன்றத்து மலைப்படியா இருக்கலாமே?"

எல்லோரும் திரும்பினார்கள். கடைக்காரர் இரண்டு புத்தகங்களையும் மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெர்சு, ரோபோவுக்கு அங்க இன்னா வேண்டுதலு?"

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். கெட்ட மனிதரில்லை. டீ வந்தபோது முதல் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம்தான் கொடுத்தார், எந்த ஊர் என்று கேட்டார். செங்கல்பட்டு என்றேன். பேரனுக்காக வந்தீர்களா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதிப்பாளர் ஃபோன் செய்தார். மீதமிருக்கும் புத்தகங்களில் பதினோரு இடத்திலும் சரியான எண்ணைச் சின்னத் தாளில் அச்சடித்து ஒட்டப் போகிறாராம். என் பிரதியிலேயே தவறு இருந்ததா, இல்லை வசனங்களைக் கட்டங்களில் பொருத்திய பையன் செய்ததா என்று கேட்டார். பையன் செய்தது என்றால் அவன் கூலியில் பிடிக்க வேண்டியிருக்கும்.

வேண்டுமென்றே வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேருந்து, கதவு எண், மலை, அவள் என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். பின்னால் யாரோ அவரை அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் பிசகுதான்," என்றேன்.

"பதினொண்ணுமா சார்?"

"பதினொண்ணும்."

அச்சுக்கூலி, ஒட்டுகிற இரண்டு பேருக்கு ஒரு நாள் சம்பளம் என்று கணக்குச் சொன்னார். ஃபோனைக் காதில் வைத்தபடியே கூட்டிப் பார்த்தேன். அவர் கூட்டியதில் பத்து ரூபாய் குறைந்திருந்தது. அதைச் சொல்லித் திருத்தினேன். எனக்கு வரவேண்டியதில் பிடித்துக்கொண்டது நான்காயிரத்து நூற்று எண்பது ரூபாய்.