சம்பூர்ணத்தைக் கூவ வைத்தவர்கள்

சம்பூர்ணத்துக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதிலும் பாறையைக் கண்டால் ஏறத் துடிக்கும் மனிதர்களை அறவே பிடிக்காது. மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த ரகம்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ உயிரைக் கொடுத்துச் செதுக்கிய சிங்கம் கண்ணெதிரே இருக்கும். அதை விட்டுவிட்டு அதன் பின்னாலிருக்கும் மொட்டைப் பாறையில் ஏறி நின்று, வானத்தைக் கையில் ஏந்துவதுபோல் போட்டோ எடுப்பார்கள்.

மலையின் மண்டபங்களுக்குப் போகிற வழியில் ஒரு சரிவுப் பாறை உண்டு. பார்த்தால் சாது. காலை வைத்தால்தான் அதன் வழுவழுப்பு தெரியும். புதிதாகக் கல்யாணமான ஒருவன் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அதில் சறுக்கி, இடுப்பு எலும்பு முறிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கப்புறம் அங்கே கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல். கல்லின்மேல் சம்பூர்ணம். அவள் கழுத்தில் ஒரு விசில். கயிற்றைத் தாண்டினால் ஊத வேண்டும். இதுதான் வேலை.

திருவிடந்தையில் பிறந்தவள். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் கடைசிப் பெண். பெண்பிள்ளை குரல் வாசல் தாண்டக் கூடாது என்று அப்பா அடக்கி வைத்தார். கட்டிக்கொண்ட ஜெகதீசன் அவரையும் மிஞ்சினான். அணுபுரத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அவள் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவான். நடுவில் சில வருஷம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரூம் பெருக்கினாள். அங்கே சட்டமே வேறு. ஆள் இருப்பதே விருந்தாளிக்குத் தெரியக் கூடாது.

இப்படிப்பட்டவளுக்குக் காவலாள் அனுப்பும் கம்பெனி ஒன்று வேலை கொடுத்து, கழுத்தில் விசிலையும் மாட்டிவிட்டது. முதல் நாள் அவள் தயங்கித் தயங்கி ஊதினாள். மலையே திரும்பிப் பார்த்தது. பாறையிலிருந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இறங்கி வந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தன் சொல்லை நாலு பேர் கேட்பது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்டாள். அதற்கப்புறம் அந்தக் கல்லை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வருஷம் கோடை முடிந்ததும் புது மாதிரிக் கூட்டம் ஒன்று வர ஆரம்பித்தது. மூன்று பேர், நாலு பேராக, எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். குழுவுக்கு ஒரு போன். சிற்பத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். போனைப் பார்ப்பார்கள், பிறகு ஓடுவார்கள். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் தவம் செய்கிற பூனையின் காலடியில் எலியை எண்ணுவார்கள், எண்ணிக்கையில் சண்டை போடுவார்கள், மறுபடி ஓடுவார்கள். ஓட்டம் வந்து முடிகிற இடம் சம்பூர்ணத்தின் கயிறு.

அங்கே நடப்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. ஒருத்தன் கயிற்றைத் தாண்டுவான். தாண்டிவிட்டு அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பான். அவள் ஊதினால் கைதட்டுவார்கள். "தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று கத்திவிட்டு இறங்கி ஓடிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் முறைத்தவன் உண்டு, 'நான் யார் தெரியுமா' என்றவன் உண்டு. விசில் ஊதியதற்கு நன்றி சொன்ன பிறவியை அவள் கண்டதில்லை. நன்றி சொல்கிறவனிடம் சண்டையும் போட முடியவில்லை. அதுதான் அவளை அதிகமாக எரித்தது.

ஒரு நாள் பொறுமை போய், ஒரு பெண்ணின் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஆபீஸ் கூட்டத்தோடு வந்த பெண். கீர்த்தனா என்று பெயர்.

"இன்னாமே நடக்குது இங்க? எதுக்குச் சிரிச்சிகினு ஓடுறீங்க?"

"ஆன்ட்டி, போனைக் குடுங்க ஆன்ட்டி. இது கேம். ஊர் சுத்திப் பாக்கறதுக்கு ஒரு புதிர் விளையாட்டு. ஒவ்வொரு இடமா கண்டுபிடிச்சிட்டுப் போகணும்."

"அதுக்கு என் பாறைல இன்னா வேலை?"

கீர்த்தனா நெளிந்தாள். "நீங்கதான் ஆன்ட்டி நாலாவது க்ளூ."

சம்பூர்ணத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியும். திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

'சிலைகளுக்கு நடுவே உயிருள்ள சிலை ஒன்று. கோட்டைத் தாண்டினால் கூவும். கூவ வை. அடுத்த கதவு திறக்கும்.'

இரண்டு தடவை படித்தாள். கீர்த்தனா விளக்கினாள். சம்பூர்ணத்தின் விசிலை அந்தப் போன் காது கொடுத்துக் கேட்குமாம். கேட்டால் மணி அடித்து அடுத்த புதிரைக் காட்டுமாம். ஆக, இத்தனை நாளும் அவள் அவர்களை இறக்கவில்லை. அவர்கள்தான் அவளை ஊத வைத்திருக்கிறார்கள். ஊரில் குரங்காட்டி கோலைத் தட்டியதும் குரங்கு குட்டிக்கரணம் போடுமே, அந்த மாதிரி. சம்பூர்ணத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. போனைத் தூக்கிப் பாறையில் அடிக்கலாம் போல வந்தது. கீர்த்தனாவின் முகம் பயத்தில் வெளுத்திருந்ததால் திருப்பிக் கொடுத்தாள்.

மலையடியில் தொப்பி, விசில், பொம்மை விற்கும் கடை வைத்திருக்கும் சுராயா தன் போனில் தேடி, விளையாட்டுக் கம்பெனியின் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். ஆல்வின் என்று ஒரு பையன் பேசினான். குரலில் வெண்ணெய் வழிந்தது.

"ஹர்ட் ஆகாதீங்க ஆன்ட்டி. ப்ளேயர்ஸுக்கு உங்களத்தான் ரொம்பப் புடிச்சிருக்கு. ரேட்டிங்ல மத்த எல்லா க்ளூவையும் நீங்க தூக்கிச் சாப்ட்டீங்க."

"நான் இன்னா சிலையாடா? வேலை செஞ்சிகினு கீறேன்டா. எட்த்துடு அத்த."

"லிவிங் ஸ்டேச்சுன்னா பெருமை ஆன்ட்டி. ஆனா நீங்க சொன்னத ஃபீட்பேக்கா நோட் பண்ணிக்கறேன். ஹாவ் எ நைஸ் டே."

மறுநாளும் கூப்பிட்டாள். மறுநாளும் நோட் பண்ணிக்கொண்டான். மூன்றாம் நாள் அவன் எடுக்கவில்லை. வீட்டில் ஜெகதீசனிடம் சொன்னாள். அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். அதிசயமாக இருக்கிறதே என்று நினைத்தாள். முழுதும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் வேனில் வருகிறவர்களெல்லாம் அவனிடம் "கூவுற அக்கா நல்லா கீறாங்களா?" என்று விசாரித்தார்கள். அவளுக்கு அந்தச் செய்தியும் வந்து சேர்ந்தது.

மிச்சமிருந்தது சூப்பர்வைசர் ராஜேந்திரன். வயதில் அவளைவிடச் சின்னவன், சட்டையில் குத்திய பேட்ஜ் மட்டும் பெரியது. ரவுண்டு வந்தபோது சொன்னாள்.

"இன்னாம்மா கத உடற? போன் எப்டி விசில் கேக்கும்? அதுக்கு இன்னா காதா கீது?"

போனுக்கு இருக்கிற காது இவனுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ரவுண்டிலும் சொன்னாள். அவன் பைக்கை அணைக்காமலே தலையாட்டிவிட்டுப் போனான். செவிடன் காதில் ஊதிய சங்கு. மூன்றாவது தடவை அவளாகச் சொல்வதற்கு முன்னால் அவனே கத்திக்கொண்டு வந்தான். கயிற்றைத் தாண்டி நிற்கிறவர்களின் படங்கள் மேலிடத்துக்குப் போயிருந்தன.

"நீ தூங்கிகினு கீறியா இங்க? ஞாயித்துக்கெழம நானே வந்து பக்கத்துல நிப்பேன். ஒருத்தன் அந்தப் பாறைல நின்னாலும், மறுநாளே உன்ன கார் நிக்கிற எடத்துக்கு மாத்திடுவேன்."

கார் நிற்கிற இடம் என்றால் அவளுக்குத் தெரியும். அங்கே விசில் ஊதுவதெல்லாம் ஆம்பிளைகள். பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து ரசீது கிழிக்க வேண்டும். புழுதியைத் தின்று, டிரைவர்களிடம் வசவு வாங்கி, மறுபடியும் ஆள் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். அதற்கு ஜெகதீசனின் டிவியே மேல்.

சனிக்கிழமை அவள் விசிலைத் தொடாமல் இருந்து பார்த்தாள். "எறங்கு, எறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒரே நிறச் சட்டைக்காரர்கள் "விசில் ஆன்ட்டி, விசில்!" என்று கெஞ்சிக்கொண்டே இன்னும் ரெண்டடி மேலே ஏறினார்கள். காவல்காரி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் குழந்தை குட்டியோடு கயிற்றுக்கு அடியில் நுழைந்தன. கடைசியில் ஊதித் தொலைத்தாள். போன் மணி அடித்தது, கைதட்டினார்கள். ஊதினால் அடுத்த கூட்டம் வரும், ஊதாவிட்டால் இந்தக் கூட்டம் இறங்காது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜேந்திரன் சொன்னபடி வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். ஒருத்தன் கயிற்றைத் தாண்டினான். தாண்டிவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் அசையவில்லை.

"ஊது," என்றான் ராஜேந்திரன்.

"ஊதுனா அவனுங்களுக்குக் கதவு தொறக்கும் சார். சொன்னேனே."

"இன்னா கதவு? பைத்தியமா புட்ச்சிகிச்சி உனக்கு? ஊதுடீ!"

அந்த 'டீ' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. விசில் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினாள். அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ ஊது சார்."

பாறையில் இப்போது நாலு பேரும் இருந்தார்கள். ஒருத்தன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்துகொண்டிருந்தான். கூடியிருந்தவர்கள் காவல்காரர்களை வேடிக்கை பார்த்தார்கள். ராஜேந்திரனுக்கு ரத்தம் கொதித்தது. விசிலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினான்.

மஞ்சள் சட்டைக்காரர்களின் போனிலிருந்து மணி அடித்தது. ஒரு பெண்குரல் மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தது. "சபாஷ்! சிலை கூவிவிட்டது! அடுத்த கதவு திறந்தது!"

நாலு பேரும் ஓவென்று கத்தினார்கள். "தேங்க்ஸ் அங்கிள்! சூப்பர் கூவல் அங்கிள்!" வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு குழந்தை அவனை மாதிரியே கன்னத்தை உப்பிக் காட்டியது. மஞ்சள் சட்டைகள் இறங்கிக் கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஓடி மறைந்தன.

ராஜேந்திரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. "இன்னாது... என்னைச் சிலைன்றான்?"

"உன்னையில்ல சார். என்னை. ஒரு மாசமா."

"எவன்டா அவன்? நம்பர் கீதா?"

அவள் தன் போனிலிருந்தே ஆல்வினைக் கூப்பிட்டு அவனிடம் கொடுத்தாள். இந்தத் தடவை ஆல்வின் எடுத்தான். ராஜேந்திரன் அவனுடைய மூன்று தலைமுறையையும் விசாரித்தான். போலீஸ் என்றான், கேஸ் என்றான். எதிர்முனையில் வெண்ணெய் உருகி ஓடுவது சம்பூர்ணத்துக்கும் கேட்டது. "சாரி சார்... கண்டிப்பா சார்... இப்பவே எடுத்துடறோம் சார்."

அப்படியே எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த கூட்டம் கயிற்றுப் பக்கமே திரும்பாமல் போயிற்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சம்பூர்ணத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். அவள் ஒரு மாதம் கத்தியும் ஆகாத காரியம், இவன் ஒரு தடவை அசிங்கப்பட்டதும் ஆகிவிட்டது. அதே நம்பர், அதே பையன், அதே பாறை. ஆள் மட்டும்தான் வேறு.

"முட்ச்சிட்டேன் பாத்தியா?" ராஜேந்திரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "அந்த மாத்துற கதையெல்லாம் உடு. நீ இங்கியே இரு. இந்தா." விசிலை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "அது எச்சி."

"இன்னாது?"

"நீ வாய்ல வெச்சிட்ட. எச்சி விசில் நான் ஊத மாட்டேன்."

"குழாய்ல கழுவிக்கமா. நான் இன்னா நோய்க்காரனா?"

"நான் ஊதினதை நீ வாய்ல வெச்ச, அது உன் இஷ்டம். நீ ஊதினதை நான் வெக்க மாட்டேன். புதுசு வாங்கிக் குடு. அதுவரைக்கும் ஊத மாட்டேன்."

ராஜேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒரு குடும்பம் கயிற்றுக்கு அருகே வந்துவிட்டது. தகப்பன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறையை அளவெடுத்தான். சம்பூர்ணம் அவர்களைப் பார்த்துவிட்டு, ராஜேந்திரனைப் பார்த்துவிட்டு, முந்தானையை உதறிக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்ததை வேண்டாவெறுப்பாக ஊதி அந்தக் குடும்பத்தை விரட்டினான். பிறகு முணுமுணுத்துக்கொண்டே இறங்கி சுராயாவின் கடைக்குப் போனான்.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. "சம்பூர்ணம்! செவப்பு, நீலம், கறுப்பு, மூணு கீதாம். இன்னா கலர் வோணும்?"

"கறுப்பு," என்றாள். சாதாரணமாகப் பேசுகிற குரலில்.

"இன்னா? கேக்கலமா! கொஞ்சம் சத்தமா சொல்லு!"

அவள் மறுபடி சொல்லவில்லை. அவன் மூச்சு வாங்க மலையேறி வந்து, எதிரில் நின்று, கேட்டுக்கொண்டு போனான்.