அமலா போட்ட நட்சத்திரக் குறி

கண்டமங்கலத்து அமலா கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை. மல்லாட்டை என்கிற நிலக்கடலை விவசாயிகளுக்காகத் திண்டிவனத்தில் ஒரு சின்ன நிறுவனம் நடத்தும் விக்கி இணையதளத்துக்கு அவள்தான் மென்பொருள் பார்க்கிறாள். விக்கியில் யாரும் எழுதலாம், திருத்தலாம். ஆனால் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட, அதன் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் போட வேண்டும். கொல்லையில் நின்று போனில் தட்டுகிறவருக்கு அதற்கெல்லாம் எங்கே பொறுமை? வாட்ஸ்அப் பழக்கத்தில் எல்லோரும் நட்சத்திரக் குறி போட்டார்கள். அவை பக்கமெங்கும் குப்பையாகக் கிடந்தன.

"அவங்க மாற மாட்டாங்க சார். விக்கியத்தான் மாத்தணும்" என்று நிர்வாகி புகழேந்தியிடம் சொல்லிவிட்டு, நட்சத்திர முறையும் விக்கிக்குப் புரியும்படி அமலா நிரல் எழுதினாள். நம் ஆட்கள் சொல்லுக்கு மட்டும் குறி போட்டு, உருபை வெளியே ஒட்டுவார்கள்: *விதை*யை. அதனால் எழுத்துகளுக்கு நடுவே குறி வந்தாலும் ஏற்கும்படி விதியைத் தளர்த்தினாள். "புதுப் பக்கத்துக்கு மட்டும் சார். பழைய பக்கத்துல நட்சத்திரம்னா பெருக்கல்" என்று எச்சரிக்கவும் செய்தாள்.

புகழேந்தி தலையாட்டினார். சென்னையிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றதும், பக்கமெல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய பக்கங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் அந்த முறையை முடுக்கிவிட்டார். அமலாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

களைக்கொல்லிப் பக்கத்தில் "டேங்குக்கு 3*5 மில்லி, ஏக்கருக்கு 2*5 டேங்க்" என்று இருந்தது. மூடிக்கு ஐந்து மில்லியாக மூன்று மூடி, தடவைக்கு ஐந்து டேங்காக இரண்டு தடவை என்று கணக்கு. விக்கி அவற்றைத் தடித்த எழுத்துக்கான குறி என்று எடுத்துக்கொண்டதில் இரண்டு குறியும் மறைந்து, அது முப்பத்தைந்து மில்லி, இருபத்தைந்து டேங்க் என்று ஆகிவிட்டது. மயிலம் வேங்கடேசன் அதைப் பார்த்து மருந்தடித்தார். மல்லாட்டைக் கொல்லை கருகிப் போயிற்று.

அலுவலகத்துக்கு வந்து நின்றவரிடம் புகழேந்தி கூசாமல் சொன்னார்: "அமலா எழுதுன புரோகிராம்ல கோளாறுங்க." சொன்ன கையோடு அந்த முறையையே நிறுத்தினார். அமலா அவரை முறைத்தாள். மனுஷனா இவர்?

"எனக்குப் போனது போச்சு. இன்னொருத்தன் அடிக்கக் கூடாது" என்ற வேங்கடேசன், அங்கேயே போனை எடுத்து விக்கியில் எழுதினார்: *35 மில்லி அடிக்காதீங்க. 15தான்.* முறைதான் நின்றுபோயிற்றே, எழுத்து தடிக்கவில்லை. வெறும் குறிகள்தான் தெரிந்தன.

"ஃபார்மட்ல இல்ல, ஆளுங்க வர்ற நேரத்துல அசிங்கமா இருக்குது" என்று புகழேந்தி அதை அழித்தார்.

அமலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் அழித்ததை மீட்டாள். பெருக்கலையெல்லாம் வார்த்தையில் எழுதினாள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் நட்சத்திர முறையை மறுபடி முடுக்கினாள். எச்சரிக்கை கருகருவென்று நின்றது.

"இன்னொரு வாட்டி இதுல கை வச்சீங்கன்னா, எல்லாத்துக்கும் முடுக்கிவிட்டது யாருன்னு இதே பக்கத்துல எழுதிருவேன் சார்."

வேங்கடேசன் புகழேந்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி என்னாத்துக்கு? இப்பவே எழுதும்மா. கருகுனது என் கொல்லைன்னும் எழுது."

அமலா எழுதினாள்.