வாசல் வாசலாகப் போன பெயர்

முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த க்வென் அன்ரி காலமான செய்தி சரிவின் கீழிருந்து எங்களுக்கு வந்தது. ஒஷாவாவில் இருக்கும் அவருடைய மகள், மோர்னிங்சைட்டில் சரிவாக இறங்கும் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீட்டு யோகன் அண்ணைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்து வாசலில் சொல்ல, அவர்கள் அடுத்த வாசலில் சொல்ல, மேலேறி என் கதவுக்கு வந்து சேர்ந்தது. அப்படிச் செய்தி அனுப்ப எங்களைப் பழக்கியவரே அன்ரிதான்.

வேல்ஸில் ஒரு சின்ன ஊர் அவருடையது. இரண்டு மலைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஒரே தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள், தெரு முடிகிற இடத்தில் ஆறு. “எங்கள் ஊரில் மழை இரண்டு வகை. பெய்கிற மழை, பெய்யப்போகிற மழை” என்பார். குளிர்காலத்தில் வெயில் எதிர்வரிசைக்கு மட்டும்தான் விழுமாம். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் சுகம் விசாரிப்பார்களாம். அந்தத் துருவித் துருவிக் கேட்கிற விசாரிப்புத் தாங்காமல்தான் கனடாவுக்கு வந்தேன் என்பவர், தானும் வாசலில் நின்று, எங்கே போகிறாய், பிள்ளைக்குத் தொப்பி எங்கே என்று கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். “உந்த மனுசி முந்தி சிஐடியில இருந்திருக்கும்” என்பார் என் கணவர்.

ஒரு வசந்தகாலம். பனி உருகி, எங்கள் சரிவின் அடியில் ஓடுகிற ஓடை கரைமுட்டிய நாட்கள். கைக்குழந்தைக்கு உடுப்பு மாற்றிவிட்டு நிமிர்ந்தேன். முன்கதவு திறந்து கிடந்தது. என் மூன்று வயது மகள் ஆரணியைக் காணவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே பெருந்தெருப் பக்கம் ஓடினேன்.

அடுத்த வாசலில் நின்ற அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “சின்னக் கால் சரிவில் கீழேதான் போகும். எங்கள் ஊரில் பெயரை முதலில் அனுப்புவோம். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பவன் உன்னைவிடச் சீக்கிரம் போவான்.”

குழந்தையை வாங்கிக்கொண்டு கீழ்நோக்கி ஆரணியின் பெயரைக் கூவினார். அடுத்த கதவு திறந்தது. அங்கிருந்த ஜமெய்க்காப் பெண் அதைக் கீழே கூவினார். நான் ஓடினேன். பெயர் எனக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர், ஒவ்வொரு வாயிலும் என் பிள்ளையின் பெயர். கடைசி வீட்டைத் தாண்டியதும் ஒரு சத்தமும் இல்லை. ஓடையின் இரைச்சல் மட்டும்தான்.

ஓடைக்கரைப் புதர்ப் பற்றைக்குள்ளிருந்து யோகன் அண்ணை வந்தார். தோளில் ஆரணி. அவளுக்கு முழங்கால்வரை ஈரம், ஒரு காலில் சப்பாத்து இல்லை.

“பிள்ளை பத்திரம், தங்கச்சி. தண்ணிக்குள்ள கால் வைச்சிட்டா. பேர் கேட்டபடியாத்தான் நான் வெளியில வந்தன்.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி மேலே வந்தேன். அன்ரி பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். “நீ அழுது முடி. பிறகு இவளுக்கு ஒரு தொப்பி போடு” என்றார்.

அன்ரியின் அந்த வேல்ஸ் ஊரை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. ஆனால் வெளியே எந்தப் பிள்ளையின் பெயரை யார் கூப்பிட்டாலும் அடுப்பை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போகிறேன். அநேகமாக அது சாப்பிட அழைக்கும் குரலாகத்தான் இருக்கும். என்றாலும், அந்தப் பிள்ளை பதில் சொல்லும்வரை நிற்கிறேன்.