மச்சான் சொன்ன மண்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினேன், மறுபடியும் அதே 'டிக்'. சேவுகம்பட்டியில் அக்கா வீட்டு வேப்பமரத்தடியில், இருபது வயதைத் தாண்டிய அந்த வெள்ளை டீசல் காருக்குள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன். வாசல்படியில் மச்சான் சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, இடது கையில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார்.

மச்சான் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டியே குடும்பத்தை நடத்தியவர். கல்யாண வீட்டார், பழனிக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகும் பெண்கள் என்று அவர் ஏற்றாத ஆளில்லை. நான்கு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. எதைக் கேட்டாலும் 'சரி' என்பார். வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. பேச்சுப் பயிற்சிக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை நாள் வாங்கியும் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை என்ன நினைத்தாரோ, காலையில் தானாகவே குளிக்கப் போனார். வேடசந்தூரில் மில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் காரை ஓட்டுவதற்காகவே லீவு போட்டு வந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துத்தான் கார் மக்கர் பண்ணியது.

முந்தின நாள்தான் புதுப் பேட்டரி போட்டிருந்தோம். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ஸ்டார்ட்டர் மோட்டாராத்தான் இருக்கும், கழட்டிப் பாக்கணும். நாளன்னைக்கு வாரேன்" என்றார். வேறு வாடகைக் கார் பிடிக்கலாமா என்று மெல்லக் கேட்டேன். மச்சான் கைத்தடியால் படியை ஓங்கித் தட்டினார். ஊரையே ஏற்றிப்போனவர், இன்னொருவர் காரின் பின்சீட்டில் நோயாளியாகப் போகமாட்டார் என்று எங்களுக்குப் புரிந்தது. இன்று அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டால் மறுபடி எழுந்து வருவாரா என்பதும் தெரியவில்லை.

ஆனால் அவர் உள்ளே போகவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கிக் காரின் முன்னால் வந்து நின்று, முகப்பு விளக்கைத் தடியால் தொட்டுக் காட்டினார். விளக்கைப் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பச் சொல்லி விரலைச் சுழற்றினார். திருப்பியதும் 'டிக்' சத்தத்தோடு விளக்கு அப்படியே அணைந்துபோனது. மச்சான் தலையாட்டினார். அந்த முகத்தை நான்கு மாதங்களாக நான் பார்த்திருக்கவில்லை. அது கணக்குப் போடுகிறவனின் முகம். உதடுகள் கோணின, கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் ஒரு சொல் வந்து விழுந்தது.

"மண்ணு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தன்னைய மண்ணுல போடச் சொல்றாருடா தம்பி" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மச்சான் வேகமாகத் தலையை அசைத்தார். "மண்ணு, மண்ணு" என்று கோபமாகச் சொல்லிக்கொண்டே பானெட்டைத் தட்டினார். திறந்தேன். பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் தடித்த கறுப்பு வயரை இடது கையால் பிடித்து, அது போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்த இடம்வரை தடவிக்கொண்டு போனார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. "எர்த்தா மச்சான்?"

ஆமாம் என்பதுபோல அவர் கண்ணை மூடித் திறந்தார். 'எர்த்' என்ற சொல் வராமல், அதற்குப் பக்கத்துச் சொல்லான 'மண்ணு' வந்திருக்கிறது. அம்புட்டுதான்.

போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பச்சையும் பழுப்புமாகத் துரு பொருக்குத் தட்டியிருந்தது. மாதக்கணக்கில் மரத்தடியில் மழையிலும் பனியிலும் நின்ற வண்டி. உப்புத்தாள் போட்டு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தேன். திரும்ப முடுக்கும்போது 'இன்னும், இன்னும்' என்பதுபோல மச்சான் விரலால் காட்டினார். பிறகு சாவியைத் திருப்பினேன். கார் ஒருமுறை குலுங்கிக் கறுப்புப் புகை விட்டு ஓடத் தொடங்கியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மச்சான் முன்சீட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

திண்டுக்கல்லை நோக்கிக் காரை ஓட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பேச்சோடு புத்தியும் போய்விட்டதென்று நினைத்து, இத்தனை நாளும் அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் அக்கா இந்த மண் கதையைச் சொன்னபோது, அந்தப் பெண் மச்சானை நேராகப் பார்த்து, "அப்ப நீங்க நல்லாப் பேசிருவீங்க" என்றார்.

அதெல்லாம் போன வருடம். இப்போது அக்கா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வாராவாரம் அவளே ஓட்டிப் போகிறாள். போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்து "சொல்லுக்கா" என்றேன். பதில் இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைக்கப் போனேன்.

"மாப்ள" என்றது மச்சானின் குரல். நெடுநேரம் கழித்து அடுத்த சொல்லும் வந்தது. "சாப்டியா?"