உவர்க்கிணறும் அவர்க்கிணறும்

அந்த அச்சுப்படியை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு அருவருக்கிறது. அழுகின வெங்காயத்துக்குள் விரல் போன மாதிரி. கெடுத்தவள் நான்தான்.

வல்வெட்டித்துறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அன்ரி மாயக்கதைகள் எழுதுகிறார். அவருடைய நாவலில் ஓர் உரு வரும். அதற்குப் பெயர் கிடையாது, கதை முழுக்க ‘உது’தான். இது என்றால் சொல்பவருக்குப் பக்கத்தில், அது என்றால் இரண்டு பேருக்கும் தூரத்தில், உது என்றால் கேட்கிற ஆளுக்குப் பக்கத்தில். அன்ரி உது என்று எழுதினால், வாசிக்கிற ஆளின் தோளடியில் வந்து ஏதோ நிற்கும். கொம்பு, கோரைப்பல், எரிகிற கண் ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் பிடி கட்டுகிற பின்னேரங்களில் அதை வீட்டில் உரத்து வாசிப்பேன். ஏழு வயதுத் தங்கச்சி இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். மரண அறிவித்தல் தவிர வேறொன்றும் வாசிக்காத அப்பா, வேலை முடிந்துவிடக்கூடாதென்று கட்டின பிடியை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். நான் அந்த நடையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் கட்டுரையே எழுதினவள். விளங்கினது அவ்வளவுதான்.

இரண்டாம் பதிப்புக்குப் பிழை திருத்தித் தரும்படி பதிப்பாளர் அண்ணை கேட்டார்.

“சின்னன் பெரிசு எல்லாரும் வாசிக்கினம் தங்கச்சி. இனி வெளியூர்ச் சனமும் வாசிக்கவேணும். உந்த உது, உவன், உவர் எல்லாம் அவைக்கு விளங்காது. மாத்திவிடுமன்.”

“ஓம் அண்ணை. சுகமான வேலை.”

கணினியில் தேடி மாற்றி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். உது அது ஆனது, உவன் அவன், உவர் அவர். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அன்ரியிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அச்சுப்படி வந்தது. மறுநாள் காலையில் ‘சரி’ என்று எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று பின்னேரம் அதிலிருந்தே வீட்டில் வாசித்தேன்.

“பொறு, பொறு,” என்றார் அப்பா. “அவர்க்கிணறோ? எந்த அவர், ஆற்றை கிணறு?”

குனிந்து பார்த்தேன். அந்த உரு குடியிருக்கும் உவர்க்கிணறு. உப்புத் தண்ணிக் கிணற்றைக் கணினி மரியாதைக்குரிய ஆளாக்கியிருந்தது.

“அவர் வாறார், எழும்பி நில்லுங்கோ,” என்று அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். அப்போதுதான் தங்கச்சியின் கால்களைக் கண்டேன். கதையின் ஆகப் பயங்கரமான இடம், கால்கள் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

“பயமில்லையோ?”

“ஏன் பயப்பிட? அது அங்கைதானே நிக்குது.”

மிச்சப் பக்கங்களைப் புரட்டினேன். எங்கும் ஃபினைல் ஊற்றிக் கழுவின துப்புரவு. என் துப்புரவு. ச்சீ என்று வந்தது.

அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைச் சத்தம் கேட்டது.

“அன்ரி, உது முழுக்க அது, உவர் முழுக்க அவர் ஆக்கிப்போட்டன்.”

“கிணத்தையுமோ?”

“ஓம்.”

“ஆற்றை வேலை பிள்ளை? பதிப்பாளரோ?”

“நான்தான்.”

“நான் உதைக் கிணத்துக்கை எண்டெல்லோ எழுதினனான்,” என்றார். “உது உங்கை, உன்ரை பக்கத்திலை எல்லோ இருந்திருக்குது.”

அடுத்ததாகப் பதிப்பாளர் அண்ணைக்கு எடுத்தேன். அவர் முனகினார். “வெளியிலை விளங்காது எண்டு சொன்னனான்.”

“எங்கடை சின்னனுக்கு ஆரும் சொல்லிக்குடுக்காமலே விளங்கினது அண்ணை.”

ஒரு நாள் தவணை கிடைத்தது. கணினியால் திருப்பி மாற்ற முடியாது, உண்மையான அதுவும் நான் கெடுத்த அதுவும் கலந்து கிடந்தன. அப்பா பழைய புத்தகத்தை மடியில் வைத்து வாசிக்க, நான் சிவப்புப் பேனையால் திருத்தினேன்.

“உது,” என்பார் அப்பா, என்னை நேரே பார்த்து. திரும்பவும், “உது.”

தங்கச்சி கால்களை மேலே தூக்கினாள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே என்ன நிற்கிறதென்று எனக்குத் தெரியும்.