மடங்காத தூண்டில்

எங்கள் வீட்டில் எல்லாமே மடங்கும். கதிரை மடங்கும், மேசை மடங்கும், நான் படுக்கிற கட்டில் மடங்கும். சிலவேளை நான் அதில் கிடக்கும்போதே மடங்கும். எதை வாங்கப் போனாலும் அப்பா விலை கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "உதை மடிக்கேலுமோ?" ஏலாது என்றால் அந்தச் சாமானை இன்னொரு தரம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போய், அங்கே அம்மாவைக் கலியாணம் கட்டி, பிறகு கொழும்பு, பேர்லின் என்று ஓடி வந்த மனுஷன். விட்டுவிட்டு வந்த வீடுகளில் மடங்காத சாமான்கள் நிறைய இருந்தன. எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்த பிறகும் அவருடைய கால் நிற்கவில்லை. முதலில் செயின்ட்-மிஷேலில் ஒரு அறை, பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நிலக்கீழ் வீடு, பிறகு லாசாலில் மூன்றாம் மாடி. ஒவ்வொரு தரமும் என் பள்ளிக்கூடமும் மாறியது. நெடும்பிரித்தல் கணக்கை நான் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் தொடங்கினேன். ஒன்றிலும் முடிக்கவில்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டின் இன்னொரு சட்டம். சாமிப் படமும் கலண்டரும் குசினி மேசையில் சுவரோடு சாய்ந்து நின்றன. இரண்டு சூட்கேசுகள் வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் தயாராக நின்றன. எனக்கு அது பிடித்திருந்தது. புது வீடு, புது யன்னல், புது பஸ் நம்பர் என்றால் எனக்குக் கொண்டாட்டம். இன்றைக்கும் நான் ஒரு தோள்பையோடு ஊர் ஊராக வேலை தேடிப் போகிறவள்தான். அப்பாவின் கால்கள் எனக்கு அப்படியே வந்திருக்கின்றன.

அப்பா கலியாணம் கட்டப் போகிறார் என்று கேட்டபோது அவருடைய ஆட்கள் பயந்து போனார்களாம். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், பிறகு அவன் ஊர் திரும்பமாட்டான் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சொல்லும் கதை. ரொறன்ரோவில் இருந்த பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம், தம்பியை இன்னும் ஒட்டவைக்கவில்லையா என்று அம்மாவிடம் பகிடி விடுவார். அம்மாவும் சளைக்கமாட்டார்.

"ஒட்டவைக்க முதல்ல பாய் வேணுமே அத்தான். அதையும் வாங்க விடுறாரில்லையே."

நாங்கள் லாசாலில் இருந்த அந்தக் கோடையில் பெரியப்பா பகிடியோடு ஒரு செய்தியும் சொன்னார். ரொறன்ரோவில் அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து வைத்திருக்கிறார், ஓகஸ்ட் முடிய எல்லோரும் வந்து சேர வேண்டியதுதான். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். உடனே சரி என்றுவிட்டார். அம்மாவோ தைக்கும் தொழிற்சாலையில் நூல் வெட்டும் மேசையிலிருந்து அப்போதுதான் மெஷினுக்கு ஏறியிருந்தார், அதுவும் யன்னலோரத்து மெஷின். பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தலை நிமிராமல் சொன்னார்:

"எனக்கு இனி ஏலாதுங்க."

"பேந்து பாப்பம்," என்றார் அப்பா. பேந்து என்றால் பிறகு. ஆனால் எங்கள் வீட்டில் 'பேந்து' என்றால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் விஷயம் தீர்ந்தது என்றே நினைத்தேன்.

லாசாலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஆறு. கரையோரம் ஆழமில்லை, எங்கே பார்த்தாலும் பாசி. அப்பா பழஞ்சாமான் சந்தையில் ஒரு தூண்டில் வாங்கியிருந்தார். குழாய்க்குள் குழாயாக இறங்கி ஒரு குடை அளவுக்குச் சுருங்கிவிடும். அதை வாங்கிய அன்று அவர் அடைந்த சந்தோஷத்தை மீன் பிடித்தபோதுகூட நான் காணவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அதை இழுத்து நீட்டி, தன் பலம் முழுவதையும் சேர்த்து நடு ஆற்றுக்கு எறிவார். விரலளவு மீன்கள் வரும்.

கீழ்வீட்டில் ஒரு கியூபெக் கிழவர் இருந்தார். அவரும் அங்கே வருவார், ஆனால் எறியமாட்டார். நீளமான கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கரையோரமாகப் பூனை மாதிரி நடப்பார். பாசிக்கு நடுவில் எங்காவது ஒரு பொட்டு மாதிரித் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். இடது கையால் ரீலிலிருந்து கொஞ்சம் தங்கூசி நூலை உருவி, ஈயத்தலை வைத்த போலி இரையை ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டு ஆட்டி, அந்தப் பொட்டுக்குள் இறக்குவார். சத்தமே வராது. கொஞ்ச நேரத்தில் வாய் அகன்ற பெரிய பாஸ் மீன் ஒன்று கரைக்கு வரும். அம்மா புல்லில் இருந்து கச்சான் கடலை உடைத்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மட்டக்களப்பு வாவியில் ஆற்றுவாழைச் செடிகளுக்கு நடுவே அம்மாவின் அண்ணன்மார் கைநூலை இப்படித்தான் இறக்குவார்களாம். மீனைப் பார்த்தால் நம்முடைய கொடுவாவின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அப்பாவைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"மீன் நம்மட கால்மாட்டில கிடக்கு. இவர் ரொறன்ரோவுக்கு எறியிறார்."

அப்பாவுக்கு அது காதில் விழுந்தது. அடுத்த தரம் அவர் எறியாமல், கிழவர் மாதிரி ஒரு பொட்டுக்குள் இறக்கினார். இறக்கியதுதான் தாமதம், ஏதோ ஒன்று கவ்விக்கொண்டு பாசிக்குள் பாய்ந்தது. அப்பா இழுத்தார். தூண்டில் ஒரு முனகல் முனகி, பொருத்து ஒன்றில் வெடித்து, மிச்சம் தனக்குள்ளேயே புகுந்து, குடை அளவாகிவிட்டது. தங்கூசி அறுந்து மீனோடு போனது. கிழவர் வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பாசிக்குள் பிடிப்பதென்றால் நீளமான, விறைப்பான கம்பும், பிடித்தால் விடாத ரீலும் வேண்டும் என்றார். நான்தான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். பள்ளிக்கூடங்கள் எனக்குத் தந்த ஒரே முழுமையான சொத்து பிரெஞ்சுதான்.

அந்த வாரம் முழுவதும் அப்பா அந்த மீனைப் பற்றியே கதைத்தார். சனிக்கிழமை நல்ல தூண்டிலாக ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தார். தானும் வருவதாக அம்மா சொன்னார். சனிக்கிழமை அம்மா உடுப்புத் தோய்க்கும் நாள். உடுப்பு மறுகா தோய்க்கலாம், தூண்டில் பிறகு மாற்ற முடியாது என்றார்.

விளையாட்டுச் சாமான் கடையின் ஒரு சுவர் முழுக்கத் தூண்டில்கள் நிமிர்ந்து நின்றன. மீசைக்காரக் கடைக்காரரிடம் அப்பா கேட்கச் சொன்ன முதல் கேள்வியை நான் கேட்டேன். மடிக்கக்கூடியதும் உண்டு, மடங்காததும் உண்டு என்றார். அதற்குள் அம்மா கைப்பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சுவரிலிருந்து கம்புகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம் வருகிறது. என் அம்மா ஒரு கடையில் அவ்வளவு நேரம் நின்று, தனக்கென்று ஒரு சாமானைத் தெரிந்து எடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பின் பிடியை முழங்கைக்கு அடியில் அணைத்துக்கொள்வார். தங்கூசி முனையை என்னிடம் தருவார்.

"இழு புள்ள. கொடுவா இழுக்கிற மாதிரி இழு."

நான் சப்பாத்து அடுக்கிய பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுவேன். உடம்பு முழுக்க வில்லாக வளைந்த கம்புகளை அம்மா திருப்பிச் சுவரில் வைத்தார். பாசியைக் கிழித்துக்கொண்டு மீனைத் தூக்க அவற்றால் முடியாதாம். நுனியில் மட்டும் கொஞ்சம் வளைந்து, கீழே இரும்பாக நிற்பதுதான் வேண்டும். கிழவரின் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அம்மா இதையெல்லாம் பிடித்துவைத்திருந்தார்.

பிறகு ரீல். கடைக்காரர் ஒரு கடதாசிக் கோப்பையைத் தரையில் வைத்து, ஈயக்குண்டு கட்டிய தங்கூசியைத் தந்தார். இடது கையால் உருவி ஊஞ்சலாட்டி இறக்குவது அம்மாவுக்கு மூன்றாம் தரமே வந்துவிட்டது. குண்டு கோப்பைக்குள் போனபோது கோப்பை அசையவில்லை. கொஞ்சம் தள்ளி உள்ள பொட்டுக்கு இன்னொரு முறை உண்டு என்று கடைக்காரர் செய்து காட்டினார். குண்டை இடது கையில் இடுப்பளவில் பிடித்து, கம்பை உயர்த்தும்போது நழுவ விட வேண்டும். சுழலும் உருளையின் மேல் வலது பெருவிரல் இருக்க வேண்டும். அம்மா விரலை எடுத்துவிட்டார். உருளை வேகமாகச் சுற்றி, தங்கூசி குருவிக்கூடு மாதிரிச் சிக்கியது. கடைக்காரர் கத்தரிக்கோல் எடுக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அம்மா சிக்கை எடுத்து, பக்கத்திலிருந்த திருகை இறுக்கி, நூலை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினில் நூலின் இழுவையைப் பார்ப்பது மாதிரித்தான், பெரிய வித்தையில்லை என்று என்னிடம் சொன்னார். அழகாகச் சுற்றிய ஒரு ரீலை இழுவை வழுக்குகிறது என்று ஒதுக்கினார். அழகில்லாத, பாரமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்பா கைப்பையை மார்போடு அணைத்தபடி, வேறு வாடிக்கையாளர்களும் பார்க்கிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தார். வெட்கத்தில் அல்ல. பார்க்க வேண்டும் என்று விரும்பினார்.

கடைசியில் இரண்டு கம்புகள் மிஞ்சின. இரண்டும் அப்பாவை விட ஒரு முழம் உயரம், இரண்டும் ஒரே விறைப்பு. ஒன்று ஒரே துண்டு. மற்றதன் கீழ்ப்பாதி பிடிக்குள் வழுக்கி இறங்கும். கடைக்காரர் இறக்கிக் காட்டினார்.

"இது உள்ளுக்குப் போகுமாம் அப்பா," என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. சூட்கேசில் குறுக்காக வைத்தால் வரும் என்று கையால் அளந்தும் பார்த்துவிட்டார்.

அம்மா அதை வாங்கி, முழு நீளத்துக்கு இழுத்து, இறுக்கி, ஒரு உலுப்பு உலுப்பினார்.

"இஞ்ச பாருங்க. கழுத்து ஆடுது. பெரிய மீனுக்கு இது நிக்காது."

பிடியும் கம்பும் சேரும் இடத்தைத்தான் கழுத்து என்றார். நான் வாங்கி உலுப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆடவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து உலுப்பினேன். அப்போதும் இல்லை. கடைக்காரர் என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை, அப்பா பார்க்கட்டும் என்று கம்பை அவரிடம் நீட்டினேன்.

அப்பா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஒரு தரம் உலுப்பினார். பிறகு பலமாக ஒரு தரம். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. மற்றக் கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'ஏலாதுங்க' என்று சொன்ன அந்தப் பின்னேரம் பயிற்றங்காயைப் பார்த்த அதே மாதிரி. கடைக்காரர் இருமினார். அப்பா கம்பை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஓம்," என்றார். "நீர் சொல்லுறது சரி. ஆடுதுதான். மடங்காததையே எடுப்பம்."

அதைக் கொண்டு வந்து சேர்த்த கதை தனிக் கதை. பஸ் சாரதி பின்கதவைத் திறந்துவிட்டார். ஒரு மனுஷியின் தொப்பி தூண்டில் நுனியில் மாட்டி எங்களோடு இரண்டு தரிப்பிடம் வந்தது. லிப்டுக்குள் கம்பு போகவில்லை. மூன்று மாடிக்கும் படியால் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் அப்பா கைப்பிடிக்கு வெளியே கம்பை நீட்டித் திருப்ப, கீழே நின்று அம்மாவும் நானும் வழி சொன்னோம். வீட்டுக்குள்ளும் அதை நிறுத்த இடமில்லை. கூரை பதிவு, கம்பின் நுனி முட்டியது. அப்பா கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு கீழ்வீட்டுக் கிழவரிடம் போய்ச் சுத்தியலும் ஆணியும் வாங்கி வந்து, வீட்டின் நடைச் சுவரில் அடித்து, தூண்டிலைப் படுக்கையாக ஏற்றினார். மிஞ்சிய ஆணியில் அம்மா கலண்டரை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் ரெலிபோன் வந்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"இல்லை அண்ணை, அதுக்கில்லை. இஞ்ச ஒரு தூண்டில் வாங்கிப்போட்டம், பெரிய சாமான். அதைக் கொண்டு எப்பிடி பஸ்ஸில வாறது? பேந்து பாப்பம்."

அந்தப் பக்கம் பெரியப்பா சிரித்தது எனக்கே கேட்டது. ஓகஸ்ட் முடிந்தது. செப்டெம்பரில் நான் அதே பள்ளிக்கூடத்துக்கே போனேன், எனக்கு அதில் பெரிய ஏமாற்றம். அப்பா அந்தத் தூண்டிலால் பாசிக்குள்ளிருந்து நல்ல பாஸ் மீன்கள் தூக்கினார். அம்மா அதைத் தொட்டதே குறைவு. அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். அது சுவரில் கிடக்கட்டும், கிடக்கிறதே போதும் என்றார்.

அடுத்த வருஷம் அந்தக் கடைக்கு ஈயக்குண்டு வாங்கப் போனபோது, மடங்கும் கம்பு இன்னும் விற்காமல் நின்றது. அப்பா காசு கொடுக்கும் நேரத்தில் நான் அதை எடுத்து, நீட்டி இறுக்கி, மறுபடி உலுப்பிப் பார்த்தேன். கழுத்து கொஞ்சமும் ஆடவில்லை. அம்மாவின் கைக்கும் அப்பாவின் கைக்கும் தெரிந்த ஒன்று என் கைக்கு மட்டும் தெரியவில்லையே என்று கவலையாக இருந்தது. கை இன்னும் வளரவேண்டும் என்று எண்ணிக்கொண்டு அதைச் சுவரில் திருப்பி வைத்தேன்.