ஐயாவை ரேடியோ ஆக்கிய கதை

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் மறதி கிடையாது. மருத்துவபீடத்தில் படிக்கிற பெண்ணொருத்தி சைக்கிளில் வந்து விசாரித்தபோது வீட்டுக்கு வீடு அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். வயது போனவர்களில் யாருக்காவது ஞாபகம் குழம்புகிறதா, தெரிந்த வழி தவறுகிறதா, பெற்ற பிள்ளையையே ஆரென்று கேட்கிறார்களா என்று அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறவர்களைத்தான் தங்களுக்குத் தெரியும், புத்தூர் மாதிரித் தோட்டம் செய்கிற ஊர்களில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று எவரும் போய்ப் பார்த்ததில்லை என்றாள். எங்கள் அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, இங்கே அப்படி ஒருவரும் இல்லை, பிள்ளை என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து எங்கள் தகப்பன், ஐயா, புகையிலை வாங்குகிற ஆட்கள் வந்துவிட்டார்களா என்று உரத்துக் கேட்டார்.

“அது ரேடியோ,” என்றார் அம்மா.

சண்டையால் மின்சாரம் இல்லாமல் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது. எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் சைக்கிளை நிறுத்தி வைத்து யாராவது மிதித்தால்தான் டைனமோவில் ரேடியோ பாடும். சைக்கிளோ சுவரில் சாய்ந்து சும்மா நின்றது. மிதிக்க வேண்டிய நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் சைக்கிளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அம்மா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

வயது போய்ப் புத்தி தடுமாறினால் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள் எங்கள் ஊரில். சிரித்துக்கொண்டு சொல்கிற சொல் அது. அதை ஒரு நோய் என்று எவரும் நினைத்ததில்லை. ஐயாவுக்கு வந்தபோது எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலை வெட்டித் தன்னுடைய மிளகாய்க்குத் தண்ணீர் கட்டுவார். அங்கே மிளகாய் இல்லாமல் போய் எத்தனையோ போகம். அம்மாவைப் பார்த்து, நீர் ஆர் வீட்டுப் பெண் என்று கேட்பார். அது போகட்டும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுதான் பெரிய தலையிடி. மூத்தவள் நான்தான். ஆனால் வாய் நீளம் என்று வந்தவர்களெல்லாம் ஓடியதில் என்னைக் கைகழுவிவிட்டார்கள். பரம்பரையில் பைத்தியம் உள்ள குடும்பம் என்று ஒரு சொல் வெளியே போனால் தங்கச்சியும் என்னோடுதான் இருக்க வேண்டும். ஆகவே படலையில் ஆள் அரவம் கேட்டால் ஐயாவை அறைக்குள் விட்டுப் பூட்டு என்பது அம்மாவின் சட்டம்.

அன்றைக்கு நான் அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினேன். ஒழுங்கை முடிந்து பெரிய தெருவில் ஏறுகிற இடத்தில் மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் வீட்டுக் கதையோடு நிறுத்தாமல், எந்தெந்த வீட்டில் எவரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். இது மூளையில் வருகிற நோய், சூனியமும் இல்லை, சாபமும் இல்லை, குணமாக்க மருந்தும் இல்லை என்றாள். அவர் பிழையாகச் சொன்னால் மறுத்துச் சண்டை பிடிக்க வேண்டாம், கைக்குப் பழகிய வேலை கொடுத்துக் கண்முன்னாலே வைத்திருங்கள் என்றாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

“அக்கா, பொம்பர் வந்தால் ஆர் அந்த அறையைத் திறக்கிறது?”

குண்டு போடுகிற அந்த விமானம் இரைந்தால் நாங்கள் எப்படி முற்றத்துப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், விழுவோம் என்று எனக்குத் தெரியும். ஐயாவின் பூட்டைத் திறக்க ஒருவரும் நிற்கமாட்டோம். வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தேன். பூட்டு வாங்க முடியாத காலத்தில் எறிந்துவிட்டாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

அந்தப் பெண் பிறகும் வந்தாள். தாள், பேனா ஒன்றும் எடுக்காமல் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து அவர் சொன்ன புகையிலைக் கதைகளைக் கேட்டாள். ஐயாவின் ஞாபகம் திரும்பவில்லை. ஆனால் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டக் கொடுத்தால் மத்தியானம் வரைக்கும் அமைதியாக இருந்தார். அம்மா மட்டும் அவளுக்குத் தேத்தண்ணி கொடுப்பதோடு சரி, முகம் கொடுக்கவில்லை.

இப்படியிருக்க மானிப்பாயிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையும் தாயும் தகப்பனும். ஐயா விறாந்தையில் வெங்காயத்தோடு இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனைக் கண்டதும், போன முறை சொன்ன விலைக்குத் தரமாட்டேன் என்று புகையிலைப் பேரம் தொடங்கினார். அந்த மனிதர் திகைத்துப் பெண்சாதியைப் பார்த்தார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தங்கச்சி தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பொம்பர் இரைந்தது அப்போதுதான். நான் ஐயாவின் கையைப் பிடித்தேன். எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். குண்டு மேற்கே, மானிப்பாய்ப் பக்கமாக விழுந்து நிலம் ஆடியது. மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நோகிறதோ என்று அம்மா கேட்டார். அவர் தலைப்பை விரித்துக் காட்டினார். அதில் ஒரு பூட்டுத் திறப்பு முடிந்திருந்தது.

“அக்காவைப் பூட்டிப்போட்டு வந்தனான்,” என்று அழுதார். “அவவுக்கும் உப்பிடித்தான். நீங்கள் அறிஞ்சால் சம்மதிக்க மாட்டியள் எண்டு பூட்டிப்போட்டு வந்தனான்.”

இரைச்சல் தேய்ந்ததும் மாப்பிள்ளை திறப்பைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். தாயும் பின்னாலே ஓடப் பார்த்தார். அவரை விறாந்தையில் இருத்தினோம். அம்மா அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவன் தன்னை ஒரு கண்ணும் பார்க்காமல் பெரியம்மாவுக்காக ஓடுகிறானே, இவனையே கட்டுகிறேன் என்று தங்கச்சி குசினிக்குள் என் காதில் சொன்னாள். நான் மனதுக்குள் கோயிலுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். பூட்டிக் கிடக்கிற அந்த மனுசிக்கு ஏதும் நடந்திருந்தால் இந்த இரண்டு வீட்டிலும் எவரும் பிறகு நிமிரமாட்டோம் என்று தெரிந்தது.

பொழுது சாய்கிற நேரம் மாப்பிள்ளை வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்.

“பெரியம்மாவுக்கு ஒண்டும் இல்லையம்மா. ஏன்ரா இவ்வளவு நேரம் எண்டு என்னைத்தான் ஏசினவ. பக்கத்து வீட்டு மாமியோடை விட்டிட்டு வந்திருக்கிறன்.”

அந்தத் தாய் சிரித்தார், அழுதார், மூக்கைச் சிந்தினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அன்றைக்கு வந்த நிம்மதி போல ஒன்று அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. ஐயா எங்களைப் பொருட்படுத்தாமல் அடுத்த பிடியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த தாய், இவரை எப்படி வெளியிலே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் அம்மா அந்தப் படிக்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், ஏதோ தானே தேடிப் பிடித்துக் கூட்டிவந்த மாதிரி.

“அந்தப் பிள்ளை எங்கடை பக்கமும் வருமோ?” என்றார் அவர்.

“வருவா,” என்றார் அம்மா. “வராட்டி நானே கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் மட்டும் வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

கலியாணத்துக்கு நாள் பார்க்கிற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.